பொட்டு வைத்த சர்வர்

தீர்த்தம்மாள் வாங்கிய பட்டம் கிருஷ்ணப்பனின் பீரோவுக்குள் கிடந்தது. பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாமே அசல். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவற்றை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டியபோது, "இங்க இருந்தா பத்திரம்மா. உங்கூட்ல வெச்சா கரையான் அரிச்சுடும்" என்றார் கிருஷ்ணப்பன். அவளும் தலையை ஆட்டினாள். அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. யாராவது அக்கறையாகப் பேசினால் அப்படியே நம்பிவிடுகிற வயது.

அரூரிலிருந்து கம்பைநல்லூர் போகிற வழியில், கரும்பு விளைந்த நாலு ஏக்கரில் எழும்பி நின்றது அந்த நர்சிங் காலேஜ். கிருஷ்ணப்பன் அதற்குக் கரஸ்பாண்டன்ட். பொண்டாட்டி சுசித்ரா பிரின்சிபால். ஊசியைக் கண்டாலே அவளுக்கு மயக்கம் வரும். ஆனால் போர்டில் பேர் அப்படித்தான் இருந்தது. மச்சான் மாதவராஜ் ஆபீஸ் பொறுப்பு. இன்ஜினியரிங் சேர்ந்து, பேப்பர்களை வரிசையாகக் கோட்டைவிட்டு வந்தவன். கம்ப்யூட்டர் என்றால் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பான். ஆனால் காலேஜின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டது தீர்த்தம்மாள்தான். இவர்களோடு ஆபீஸில் ஃபீஸ் வாங்கவும் டைப் அடிக்கவும் கலைமணி என்றொரு சின்னப் பெண். அவளுடைய அசல் சான்றிதழ்களும் அதே பீரோவில்தான் இருந்தன.

தீர்த்தம்மாளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. இங்கே கொடுப்பதைப்போல இரண்டு மடங்கு சம்பளம், ஹாஸ்டல், வருவதற்கு வண்டி. வெள்ளிக்கிழமை காலையில் அசல் சான்றிதழ்களோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று மெயிலிலேயே எழுதியிருந்தார்கள். அந்த மெயிலை அவள் அப்பா சென்னப்பனுக்கு வாசித்துக் காட்டினாள். லோடு இறக்கி இறக்கித் தோள் இறங்கிப்போன மனுசன். "பீரோ சாவி அவருகிட்டதானம்மா இருக்குது?" என்று மட்டும் கேட்டார். மகிழ்ச்சியைக்கூடப் பயந்து பயந்து படுகிற குடும்பம் அது.

கிருஷ்ணப்பனிடம் போய்க் கேட்டாள்.

"குடுத்துடலாம்மா. இன்னாத்துக்கு வெச்சுக்கப் போறேன்?" என்றார் அவர். "ஆயுத பூஜை முடியட்டும். பழைய விண்டோஸுக்கு இந்த மாசத்தோட ஆயுசு முடியுதாமே, மாதவராஜ் சொன்னான். அதுக்குள்ள நம்ம மிஷின் அத்தனையையும் புதுசுக்கு மாத்திக் குடுத்துடு. பூஜைக்குப் பழசு ஆகாது. விஜயதசமி அன்னிக்குக் காலைல வா, கையோட வாங்கிட்டுப் போ."

வியாழக்கிழமை விஜயதசமி. வெள்ளிக்கிழமை ஓசூர். ஒத்துப்போகிறது என்று அவள் வேலையில் இறங்கினாள்.

ஆபீஸ் மூலையிலிருந்த பெரிய பெட்டியைத்தான் எல்லாரும் சர்வர் என்பார்கள். படிக்கிற இருநூறு பெண்களின் வருகைப் பதிவு, ஆஸ்பத்திரியில் பார்த்த டியூட்டிக் கணக்கு, இன்டர்னல் மார்க், எல்லாம் அதற்குள்ளேதான். அந்த மார்க்கை வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றியாக வேண்டும். ஏற்றாவிட்டால் ஒருத்தியும் பரீட்சை எழுத முடியாது. அதனால் சர்வரைத் தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தன்னுடைய ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள் தீர்த்தம்மாள். படித்த படிப்பு அப்படி. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, எடுத்தாயா என்றும் யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் புது விண்டோஸ் ஏறியது. ஆனால் பழைய ஆன்டிவைரஸ் எழுந்திருக்கவில்லை. மூலையில் பச்சையாக இருந்த அதன் கேடயம் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. தொட்டால், இந்தப் பதிப்பில் இயங்காது என்றது. விண்டோஸுக்குள்ளேயே ஒரு காவல்காரன் உண்டு. ஆனால் இந்தச் செத்த காவல்காரன் நாற்காலியை விட்டு இறங்காததால் அந்த உயிருள்ளவனும் வேலைக்கு வரவில்லை.

கிருஷ்ணப்பனிடம் போய்ச் சொன்னாள். "சார், ஆன்டிவைரஸ் வேலை செய்யலைங்க. அதை எடுத்துட்டா விண்டோஸோடது தானா வேலை செய்யும். இல்லாட்டி புதுசு ஒண்ணு போடணும்."

"எடுக்கறதா? இன்னும் நாலு மாசம் வேலிடிட்டி இருக்குதேம்மா! காசு குடுத்து வாங்கினது."

"வேலிடிட்டி இருக்குதுங்க சார், ஆனா அது ஓடலை."

"ஓடலைன்னா இருந்துட்டுப் போவுது. அதுபாட்டுக்கு ஒரு மூலைல கெடக்கட்டும், எடுக்காத. புதுசு விஜயதசமி அன்னிக்கு வாங்கிக்கலாம். புதுசா எது போடறதா இருந்தாலும் அன்னிக்குப் போட்டாதான் விளங்கும்."

"ரெண்டு நாளு காவலே இல்லாம இருக்குங்களே சார்?"

மாதவராஜ் செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காமலே சிரித்தான். "ரெண்டு நாள்ல உன் சர்வரைத் தூக்கிட்டுப் போக அமெரிக்காவுல இருந்தா வரப்போறான்? லீவு நாளுடி. திருடனுக்கும் லீவுதான்."

கலைமணியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

தீர்த்தம்மாள் திரும்பிப்போய், ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் துடைத்தாள். பூஜைக்கு முன்னால் துடைக்கிற வேலையும் அவளுடையதுதான். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் பிஸ்கட் தூள் கொட்டியது. சர்வரின் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு செத்த பல்லியை எடுத்து வெளியே போட்டாள். அதற்கெல்லாம் யாருக்கும் நல்ல நாள் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. ஸ்கேல், பேனா, ஊசி குத்திப் பழகுகிற ரப்பர் கை, பிரிண்டர், சர்வர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள் சுசித்ரா. சர்வரின் நெற்றிக்குப் பெரிய பொட்டு, மேலே ஒரு எலுமிச்சம்பழம். திரையின் ஓரமாக விபூதிப் பட்டை. உள்ளே குடும்பமும் சொந்தக்காரர்களும் நின்றார்கள். டிரைவர், வாட்ச்மேன், பெருக்குகிற கண்ணம்மாளோடு தீர்த்தம்மாளுக்கும் வராண்டாவில் இடம். அங்கே நில் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது எல்லாருக்கும் பழகியிருந்தது. கலைமணி வேற ஆளுங்க, அதனால் அவள் உள்ளே தட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு இல்லாம பூஜையா?" என்று மாதவராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான். பேனர் அடிக்கிற கடையில் ஏற்றிக்கொண்டு வந்த சாமிப் பாட்டு. சர்வரில் செருகினான். வந்த ஃபோல்டரைத் தட்டினான், திறக்கவில்லை. மறுபடி தட்டினான். வராண்டாவிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தீர்த்தம்மாள் கம்பியோடு ஒட்டி நின்று உற்றுப் பார்த்தாள். அது ஃபோல்டரே இல்லை. ஃபோல்டர் மாதிரி வேஷம் போட்ட வேறு என்னவோ. அவன் பொறுமையில்லாமல் மூன்றாவது தடவையும் தட்டிவிட்டு, பக்கத்திலிருந்த இன்னொன்றைத் திறந்தான். பாட்டு வந்தது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கற்பூரம் காட்டி முடித்து, சுற்றிய பூசணிக்காயை வாசலில் உடைத்துவிட்டு டிரைவர் கை கழுவப் போனான். அப்போதுதான் அவள் திரையைக் கவனித்தாள். மார்க் ஃபைல்கள் இருந்த இடத்தில் அவற்றின் சின்னப் படம் ஒவ்வொன்றும் வெள்ளைத் தாளாக மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் புரியாத எழுத்தில் ஒரு வால் முளைத்தது. முதலாமாண்டு போய்விட்டது, இரண்டாமாண்டு போய்க்கொண்டிருந்தது.

"சார்! அந்த ஒயரைப் புடுங்குங்க சார்! சர்வர் ஒயரை!"

பாட்டுச் சத்தத்தில் கிருஷ்ணப்பனுக்குக் காதில் விழவில்லை. அவள் வாசற்படியில் கால் வைத்தாள். மாதவராஜ் நிலையில் கையைக் குறுக்கே நீட்டினான்.

"எங்க வர?"

"வைரஸ் ஏறிடுச்சுங்க. உங்க பென் டிரைவ்ல இருந்துதான். ஃபைல் எல்லாம் போயிட்டிருக்குது, பாருங்க! ஒயரைப் புடுங்கினா மிச்சமாவது தேறும்."

"என் பென் டிரைவ்ல சாமி பாட்டு இருக்குதுடி. வைரஸ் உன் வாயில இருக்குது."

சுசித்ரா திரும்பினாள். குத்துவிளக்கு வெளிச்சத்தில் அவள் முகமும் மூக்குத்தியும் அம்சமாக இருந்தன. "என்னா சத்தம் அங்க? விளக்கேத்திப் படையல் போட்டாச்சு. இனி நாளைக்கிப் பூஜை எடுக்கற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. அதுலயும் நீ..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம் நான்தானுங்களே மேடம் தொட்டுத் தொடச்சேன்?"

"அது நேத்து."

"மேடம், இருநூறு புள்ளைங்க மார்க்குங்க மேடம். நான் தொடலை. நீங்களே புடுங்குங்க. கலைமணி, நீயாவது புடுங்குடி!"

கலைமணி தட்டோடு நின்றாள். ஒரு எட்டு வைத்தால் ஒயர். அவள் சுசித்ராவைப் பார்த்தாள், பிறகு தட்டில் எரிந்த கற்பூரத்தைப் பார்த்தாள், அதோடு சரி.

"பாட்டு பாதியில நின்னா அபசகுனம்" என்றார் கிருஷ்ணப்பன், கண்ணை மூடியபடியே. "நாளைக்குப் பாத்துக்கலாம்மா. சாமி முன்னாடி நின்னுகிட்டுப் போச்சு போச்சுன்னு சொல்லாத."

மாதவராஜின் கை இன்னும் குறுக்கேதான் இருந்தது. தீர்த்தம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். அதன் மணிக்கட்டில் புதுசாக மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. காலைப் படியிலிருந்து எடுத்துக்கொண்டாள். கண்ணம்மாள் ஒரு பேப்பரில் பொரி, கடலை, வெல்லம் போட்டு அவள் கையில் திணித்தாள். "உனக்கு எதுக்கு கண்ணு வம்பு? சாப்புடு."

அவள் சாப்பிட்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, பொரியை மென்றுகொண்டே, மூன்றாமாண்டு போவதையும் நான்காமாண்டு போவதையும் பார்த்தாள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெல்லம் நல்ல வெல்லம்.

விஜயதசமி அன்று காலையில் அவள் வந்தபோது ஆபீஸே சாவு வீடு மாதிரி இருந்தது. சர்வர் திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் இங்கிலீஷில் எழுத்து. மாதவராஜ் வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தான். ஃபைல் எல்லாவற்றையும் எவனோ பூட்டிவிட்டான். சாவி அவனிடம் இருக்கிறது. அவன் கேட்பதைக் கொடுத்தால்தான் சாவி வரும்.

கிருஷ்ணப்பன் நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "அடுத்தவன் கஷ்டப்பட்டு சேத்து வெச்சதைப் பூட்டி வெச்சுக்கிட்டுப் பேரம் பேசறானே, அவன் ஒரு அப்பனுக்குப் பொறந்தவனா இருப்பானா?"

அவர் தலைக்குப் பின்னால் பீரோ நின்றது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

"சார், என் சர்டிபிகேட்டுங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

கிருஷ்ணப்பன், சுசித்ரா, மாதவராஜ் மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். முதலில் வாயைத் திறந்தது மாதவராஜ். "பாத்தீங்களா மாமா? நான் சொல்லல? நாம இப்படி உக்காந்திருக்கோம், இவளுக்கு சர்டிபிகேட் கேக்குது. புது விண்டோஸ் போட்டது யாரு? இவ. ஆன்டிவைரஸ் வேலை செய்யலைன்னு மொதல்ல சொன்னது யாரு? இவ. ஓசூருக்கு ஓடறதுக்கு முன்னால வேலையைக் காட்டிட்டா."

"பூஜைல பென் டிரைவ் போட்டது நீங்க."

"பல்லைத் தட்டிடுவேன்! கலைமணி, இங்க வா. செவ்வாக்கெழம சாயங்காலம் இவ சர்வர்ல என்னத்தைச் செருகிட்டிருந்தா? நீ பக்கத்துலதான இருந்த?"

கலைமணி துப்பட்டா நுனியை முறுக்கினாள். அவள் கண் பீரோவுக்குப் போய்விட்டு வந்தது. "எதுவோ... கறுப்பா ஒண்ணு செருகியிருந்தாங்க சார். ரொம்ப நேரம் இருந்துச்சு. என்னான்னு எனக்குத் தெரியாதுங்க சார்."

அவளுக்குத் தெரியும். நகல் எடுக்கிறேன் என்று சொல்லி, டிஸ்கின் சிவப்பு விளக்கு நிற்கிறவரைக்கும் பார்த்துக்கொள் என்று அவளையே உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள் தீர்த்தம்மாள்.

"போதுமாம்மா?" என்றார் கிருஷ்ணப்பன். "டேட்டா எனக்கு முழுசா வரணும். அது வர்ற வரைக்கும் உன் சர்டிபிகேட் இந்த பீரோவை விட்டு வராது. ஓசூரும் கெடையாது, மைசூரும் கெடையாது."

நேற்று ராத்திரி முழுக்க அவள் ஒரு காரியத்தை நினைத்து வைத்திருந்தாள். காலையில் போனதும் டிஸ்கை எடுத்து மேசைமேல் வைத்துவிட வேண்டும், பயப்படாதீங்க சார் எல்லாம் இருக்குது என்று சொல்ல வேண்டும் என்று. அந்த நினைப்பு இப்போது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"டேட்டா இருக்குதுங்க சார்" என்றாள். "செவ்வாக்கெழம வரைக்கும் உள்ளது முழுசும் எங்கிட்ட இருக்குது. கலைமணி சொன்னாளே கறுப்பா ஒண்ணு, அதுலதான்."

கிருஷ்ணப்பன் எழுந்தே விட்டார். "எங்கம்மா? குடு!"

"பீரோவைத் தொறங்க."

"என்னாது?"

"மொதல்ல என்னுது என் கைக்கு வரணும். அப்பறம் உங்குது."

"மெரட்டறியாடி?" என்று சுசித்ரா கத்தினாள். "உப்புப் போட்ட வூட்டுக்கே..."

"மெரட்டலைங்க மேடம். பத்திரமா வெச்சிருக்கேன். இங்க வெச்சா கரையான் அரிச்சுடும்."

மாதவராஜ் போனை எடுத்தான். "ஸ்டேசனுக்குப் போடறேன் மாமா."

"போடுங்க. வந்து டிஸ்கை வாங்கி சீல் வெப்பாங்க. கோர்ட்டுக்குப் போவும். நாளைக்கி மார்க் ஏத்தற கடைசி நாளு. கோர்ட்டுல இருந்து வாங்கியாந்து ஏத்துங்க."

கிருஷ்ணப்பன் விவசாயி. எந்த நேரத்தில் நஷ்டத்துக்கு விற்றுவிட்டுப் போக வேண்டும் என்று தெரிந்தவர். அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் கவர்கள் அடுக்கடுக்காக இருந்தன. வாத்தியார்கள், லேப் ஆட்கள், வேலையை விட்டு ஓடிப்போனவர்கள், ஓட முடியாதவர்கள் எல்லாரும் கவர்களாகி அடுக்கில் இருந்தார்கள். தீர்த்தம்மாளின் கவரை உருவியபோது, அதற்குக் கீழே இருந்த கவர் பாதி வெளியே வந்து தொங்கியது. மேலே ரோஸ் நிற மார்க்கரில் பேர் எழுதியிருந்தது: கலைமணி.

கலைமணி தீர்த்தம்மாளைப் பார்த்தாள். கண் மட்டும் கெஞ்சியது. 'அவளுதையும் எடுங்க சார்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த நேரத்தில் கேட்டிருந்தால் பீரோவையே காலி பண்ணிக் கொடுத்திருப்பார் மனுசன்.

தீர்த்தம்மாள் கேட்கவில்லை. தன் கவரைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அவர்கள் மூன்று பேரையும் நிற்க வைத்தே சரிபார்த்தாள். அப்புறம்தான் பையிலிருந்து டிஸ்கை எடுத்து நீட்டினாள். மாதவராஜ் அதைப் பிடுங்கிக்கொண்டு நேரே சர்வரிடம் போனான்.

"அந்த மிஷின்ல..." என்று ஆரம்பித்தாள் அவள்.

அந்த மிஷினில் செருகாதீர்கள், வைரஸ் இன்னும் அதற்குள் உயிரோடுதான் இருக்கிறது, செருகினால் இதையும் தின்றுவிடும், வேறு சுத்தமான கம்ப்யூட்டரில் போடுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"ஏய், நிறுத்து!" என்றான் மாதவராஜ். "உன் பாடமெல்லாம் போதும். ஒயர் செருக எனக்கு உன்கிட்ட படிக்கணுமா? வாங்கிட்டல்ல, கெளம்பு. படி தாண்டி வெளிய போயி நில்லு. உங்களையெல்லாம் உள்ள விட்டது எங்க தப்பு."

அவள் ஒரு நொடி நின்றாள். இருநூறு பெண்கள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை, தோய்த்துத் தோய்த்து நைந்த வெள்ளைக் கோட்டு. பாதிப் பேரின் அப்பன்மார் சென்னப்பனைப்போல லோடு இறக்குகிறவர்கள். அவர்களில் ஒருத்திகூட அவளுக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை.

தொண்டைக்கு வந்ததை விழுங்கிக்கொண்டு படி தாண்டினாள்.

கேட்டுக்கு வெளியே நின்று பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் செருப்புச் சத்தம். கலைமணி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா... என்னுதையும் கேட்டிருக்கலாமில்லக்கா?"

"செவ்வாக்கெழம செருகினது என்னான்னு நீயும் சொல்லியிருக்கலாமில்ல?"

கலைமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னைய என்னா பண்ணச் சொல்றக்கா? எங்கப்பா அவரு காட்டுலதான் வேலை செய்யுது." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது போவட்டும்க்கா. உள்ள என்னவோ சொல்ல வந்தீங்களே, அந்த மிஷின்லன்னு. என்னாக்கா அது? சொல்லிட்டுப் போங்க. நான் போயி சொல்லிடறேன்."

நேரம் இன்னும் இருந்தது. டிஸ்க் பெரியது. எல்லாவற்றையும் தின்ன வைரஸுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இவள் ஓடிப்போய்ப் பிடுங்கினால் பாதியாவது மிஞ்சும். பிடுங்காவிட்டால் சாயங்காலத்துக்குள் பழி போட ஒரு ஆள் வேண்டியிருக்கும். தீர்த்தம்மாள் போய்விட்டாள். பீரோவுக்குள் கவர் மாட்டிக்கொண்டவள் இவள்தான். தீர்த்தம்மாளுக்கு இதெல்லாம் கண்ணாடிபோலத் தெரிந்தது.

வளைவில் பஸ் வந்தது. முன்னால் மாவிலையும் மாலையும் கட்டி, கண்ணாடியில் சந்தனம் அப்பியிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "பூஜை போட்ட மிஷின்தான? சாமி பாத்துக்கும். நீ போ, படையல் பொரி மிச்சம் இருக்கும், தின்னு."

ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும்போது காலேஜுக்குள்ளிருந்து மாதவராஜின் குரல் கேட்டது. பேரைச் சொல்லிக் கத்தினான், முதல் தடவையைவிட இரண்டாவது தடவை பெரிதாக. "கலைமணீ! ஏய் கலைமணீ!"

கலைமணி திரும்பி ஓடுவது கண்ணாடியில் தெரிந்தது. தீர்த்தம்மாள் மடியிலிருந்த கவரைத் திறந்து, ஒன்று, இரண்டு என்று மறுபடியும் தாள்களை எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தது.